பட்டியலில் போளூர்

1859 ஜனவரி 3. போளூர் வட்டாரம். அளவு ஏறத்தாழ 5. தென்னிந்தியாவின் பழைய நிலநடுக்கங்களைத் தொகுத்த பட்டியல்களில் இப்படி ஒரு வரி இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வடக்கே பஸ்ஸில் போனால் 35 கிலோமீட்டர் தொலைவில் வருகிற அதே போளூர்தான். அந்த வரிக்குச் சற்று மேலே 1822 ஜனவரி 29, வந்தவாசி வட்டாரம், அதே 5. சற்றுக் கீழே 1867 ஜூலை 3, விழுப்புரம் வட்டாரம், 5.7. அண்ணாமலைக்கு வடக்கே ஒன்று, வடகிழக்கே ஒன்று, தென்கிழக்கே ஒன்று. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளில் மலையைச் சுற்றி மூன்று திசைகளில் நிலம் ஆடியிருக்கிறது.

இன்று போளூர் என்றால் சம்பத்கிரி நரசிம்மர் கோயில் நினைவுக்கு வரும். வந்தவாசி என்றால் கோரைப்பாய். சரித்திரம் படித்தவர்களுக்கு, 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்த போர். விழுப்புரம் என்றால் ரயில் சந்திப்பு. நிலநடுக்கம் என்று சொன்னால் எல்லாருக்கும் குஜராத்தோ ஜப்பானோதான். இந்த வட்டாரம் நிலநடுக்கத்தைப் பற்றிக் கற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டு இழவிலிருந்துதான். தன் வீட்டில் விழுந்த விரிசலை அது பாடமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்த மூன்று வரிகள் பிழைத்ததே ஒரு தந்தையும் மகனும் புண்ணியம் கட்டிக்கொண்டதால். தாமஸ் ஓல்டாம் அயர்லாந்துக்காரர். 1851-இல் இந்தியாவுக்கு வந்து புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவருக்கு முன்னால், 1843-இல், பெயர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் இந்திய நிலநடுக்கங்களைப் பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதியிருந்தார். ஓல்டாம் அதை இன்னும் விரித்து, கிடைத்த தகவலையெல்லாம் தேதிவாரியாகச் சேர்த்துக்கொண்டே போனார். 1878-இல் அவர் இறந்தபோது வேலை அச்சேறவில்லை. மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாமும் அதே துறையில்தான் இருந்தார். அப்பாவின் தாள்களை ஒழுங்குபடுத்தி, ஆதிகாலம் தொட்டு 1869 முடிய இந்தியாவில் பதிவான நிலநடுக்கங்களின் பட்டியலை 1883-இல் வெளியிட்டார்.

கருவி இல்லாத காலம் அது. பத்திரிகைச் செய்தி, கலெக்டர் கச்சேரிக் கடிதம், பாதிரியார் குறிப்பு, கண்டோன்மெண்ட் டாக்டரின் நாட்குறிப்பு என்று எழுத்தில் அகப்பட்டதுதான் சாட்சி. ஆகவே பட்டியலில் ஓர் ஊரின் பெயர் இருந்தால், நிலத்துக்கடியில் பாறை அந்த ஊரில்தான் நழுவியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆட்டத்தை உணர்ந்து எழுதி அனுப்ப அந்தப் பக்கத்தில் ஒரு படித்த ஆள் இருந்திருக்கிறார், அவ்வளவே. ஜவ்வாது மலை மேல் ஒரு குடிசை சரிந்திருந்தால் அது எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. 5, 5.7 என்ற அளவுகளும் எத்தனை தொலைவுக்கு ஆட்டம் உணரப்பட்டது என்பதை வைத்துப் பின்னாளில் மதிப்பிட்டவை. பட்டியலை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் படிக்காமல் விடுவதற்கு இது சாக்கு ஆகாது.

மகன் ஓல்டாம் அதோடு நிற்கவில்லை. 1897 ஜூன் 12-இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். தொலைதூரக் கருவிகளில் விழுந்த கோடுகளை வைத்து, முதலில் வருவது ஒரு வகை அலை, அடுத்தது வேறு வகை, கடைசியில் வருவது மேற்பரப்பிலேயே ஊர்ந்து வருவது என்று பிரித்துக் காட்டினார். 1906-இல் அதே அலைகளைக் கொண்டு பூமிக்கு நடுவே தனியாக ஒரு கரு இருக்கிறது என்று எழுதினார். இன்று திருவண்ணாமலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என்று ஒப்பிக்கிறதே, அந்தப் பாடத்துக்குக் கடன்பட்டிருப்பது போளூர் வரியை அச்சில் ஏற்றிய அதே மனிதருக்கு. பாடப்புத்தகத்தில் அலை வந்து சேர்ந்தது, போளூர் வரவில்லை.

ஓல்டாம்களுக்கு முன்னால் நம்மிடம் பாடமே இல்லையா என்றால், இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் பூகம்பத்துக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. சுவையான விஷயம், அவர் ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கவில்லை. கடலுக்குள் வாழும் பெரிய பிராணிகளால் என்கிறார் ஒருவர், பூமியைத் தாங்கும் யானைகள் களைத்து மூச்சு விடுவதால் என்கிறார் இன்னொருவர், காற்றோடு காற்று மோதித் தரையில் விழுவதால் என்கிறார் வேறொருவர், கண்ணுக்குத் தெரியாத வினைப்பயன் என்போரும் உண்டு என்று கட்சிகளை வரிசையாக வைக்கிறார். பிறகு நட்சத்திரத்தையும் நாளின் பொழுதையும் கொண்டு பூகம்பங்களை வாயு, அக்னி, இந்திரன், வருணன் என நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் பலன் சொல்கிறார். அக்னி மண்டலத்து நட்சத்திரங்களில் பரணியும் கிருத்திகையும் இருக்கின்றன. விடியலில் பரணி தீபமும் அந்தியில் மலைமேல் மகாதீபமும் ஏற்றுகிற அக்னித் தலத்துக்காரர்களுக்கு இந்தப் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். பலன் பார்ப்பதில் பயனில்லை என்று இன்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த நாள், எந்தப் பொழுது என்று குறித்துவைக்கச் சொன்ன பழக்கம் அந்த நூலில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து செய்திருந்தால் இன்று நம் கையில் மூன்று வரிகளுக்குப் பதில் முப்பது இருந்திருக்கலாம்.

தமிழில் அச்சான ஆரம்பகால அறிவியல் புத்தகங்களில் ஒன்று, திருநெல்வேலியில் ஊழியம் செய்த ரேனியஸ் பாதிரியார் 1832-இல் கொண்டுவந்த பூமி சாஸ்திரம். பூமியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படிக்கலாம் என்று அப்போதே ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த பூகோளப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலகத்தின் எரிமலைகளைத்தான் சுற்றிக் காட்டின.

எரிமலை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணாமலையே அவிந்துபோன எரிமலை என்று வழிகாட்டிகளும் சில சுற்றுலாப் புத்தகங்களும் சொல்வதுண்டு. நெருப்பு மலை என்ற தலபுராணத்தோடு அது கச்சிதமாகப் பொருந்துவதால் கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இது எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து குவிந்த மலை அல்ல. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்தபின் வெளியே தலைகாட்டிய மிகப் பழைய பாறை. வட தமிழ்நாட்டுக் குன்றுகள் பலவற்றுக்கும் இதே கதைதான். இந்த வகைப் பாறைகளில் ஒன்றுக்கு சார்னோக்கைட் என்று பெயர். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்தது; கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்பதால் அந்தப் பெயர். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற கல்.

பழைய பாறை, கெட்டிப் பாறை. இந்த இரண்டு உண்மைகளிலிருந்து மூன்றாவதாக ஒரு பொய் பிறந்தது. தக்காணம் அசையாது, நிலநடுக்கமெல்லாம் இமயமலைக்காரர்களின் தலைவலி என்பதே அது.

அதைச் சந்தேகிக்கக் காரணம் சீக்கிரமே கிடைத்தது. ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஜான் மில்ன் உருவாக்கிய நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை பிரிட்டிஷ் ஆட்சி தன் பரப்பெங்கும் நிறுவிக்கொண்டிருந்த சமயம். 1898 டிசம்பரில் கல்கத்தா அலிப்பூரில் ஒன்று வந்தது. அதை அடுத்து பம்பாய் கொலாபாவிலும், சூரியனை ஆராய 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகத்திலும் கருவிகள் ஓடத் தொடங்கின. அந்தச் சமயத்திலேயே, 1900 பிப்ரவரி 8 அதிகாலை மூன்று மணி சுமாருக்கு, கோயம்புத்தூர் வட்டாரம் குலுங்கியது. அளவு 6-ஐ ஒட்டியது. தென்னிந்தியா முழுக்க ஆட்டம் தெரிந்தது. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் பதிவானவற்றில் இதுவே பெரியது. ஆனாலும் பொதுமக்களுக்கு இது பாடமாக மாறவில்லை. கருவியின் கோடு இங்கிலாந்தில் வைட் தீவில் இருந்த மில்னின் ஆய்வகத்துக்குப் போனது. கொங்கு நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

பொதுமக்கள் முன்னால் நிலநடுக்கம் ஒரு பெரிய வாதமாக வந்தது 1934-இல்தான், அதுவும் தமிழ்நாட்டு மேடையில். ஜனவரி 15 பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தெற்கே இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இந்த அழிவு தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்ற பொருள்படப் பேசினார். தாகூர் பதறிப்போனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், மக்களிடம் ஏற்கெனவே இருக்கிற மூடநம்பிக்கைக்கு இப்படித் தீனி போடலாமா என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். தீண்டாமை பற்றிய கோபத்தில் காந்தி சரி; பூமியைப் பற்றிய விளக்கத்தில் தாகூர் சரி. வராகமிகிரர் நான்கு கட்சியாகப் பிரித்து வைத்த வழக்கு பதினான்கு நூற்றாண்டு கழித்தும் முடியாமல் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பீகாரில் உருப்படியான காரியம் செய்த தமிழர் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணக் குழுவின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளப் போனார். தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு அவர் வைத்த வரம்பு சில அணாக்கள். காந்தியின் பரிவாரத்துக்கும் விலக்கில்லை என்று சொல்லிவிட்டவர். நிவாரணப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று யாராவது பாடம் எழுதினால் அவரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வீடு கட்டுவதைப் பற்றிய பாடமும் அந்தக் காலத்திலேயே தயாராகியிருந்தது, பலூசிஸ்தானில். 1931-இல் அங்கே மச் என்ற இடத்தில் நிலம் ஆடியபின், எஸ்.எல். குமார் என்ற ரயில்வே பொறியாளர் அதிர்வைத் தாங்கும் குடியிருப்புகளை வடிவமைத்தார். 1933-இல் அதைப் பற்றி எழுதும்போது இந்தியாவை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடமும் போட்டார். 1935-இல் குவெட்டா நகரமே தரைமட்டமானபோது அவர் கட்டிய ரயில்வே வீடுகள் நின்றன. சுவரைச் சுற்றி இரும்போடு ஒரு பட்டை ஓடவிட்டு, நான்கு சுவரையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது என்ற யோசனை இந்தியாவில் அங்கிருந்துதான் பரவியது.

சுதந்திரத்துக்குப் பின் பாடம் கல்லூரிக்கு ஏறியது. 1960-இல் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா முன்னின்று நிலநடுக்கப் பொறியியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். 1962-இல் ஐஎஸ் 1893 என்ற இந்தியத் தரவிதி வந்தது. தக்காணம் அசையாது என்ற நம்பிக்கை அந்த விதியின் வரைபடத்திலும் இருந்தது. 1967 டிசம்பரில் மராட்டியத்துக் கொய்னா அணையருகே நிலம் ஆடியபின் வரைபடத்தைத் திருத்தினார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் பக்கம் கில்லாரி ஆடியது. அளவு 6.2. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து படுத்தவர்களில் ஏறத்தாழ 8,000 பேர் எழுந்திருக்கவில்லை. கொன்றது அளவைவிட வீடு. மண் சாந்தில் அடுக்கிய கனமான கருங்கல் சுவர், மேலே மரச்சட்டத்தில் அடி கணக்கில் மண் கொட்டிய கூரை.

கில்லாரியின் ஆட்டம் போளூரின் பழைய ஆட்டத்தைவிட ஆற்றலில் ஏறத்தாழ அறுபது மடங்கு. போளூரில் அப்படி வரும் என்று எந்த வரியும் சொல்லவில்லை. கில்லாரியிலும் வரும் என்று எந்த வரியும் சொல்லியிருக்கவில்லை.

2001 என்ற ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள். ஜனவரி 26 காலை, குடியரசு தின அணிவகுப்பில் பிள்ளைகள் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது கட்ச் நிலநடுக்கம். குஜராத்தில் மட்டும் 13,800-க்கும் மேல் சாவு. மையத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் புத்தம்புதிய அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தவென்று சுவரில்லாமல் தூண்மேல் நிறுத்தியவை பெரும்பாலும். செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி சுமாருக்கு நம் பக்கமே வந்துவிட்டது: புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலில் 5.5 அளவு. சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்து நின்றார்கள். பெரிய சேதம் இல்லை.

அடுத்த ஆண்டே ஐஎஸ் 1893 திருத்தப்பட்டது. மண்டலம் ஒன்று நீக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. அதைப் பத்திரிகைகள் பேசின. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, அந்த விதியின் பிற்சேர்க்கையில் முக்கிய ஊர்களுக்குத் தந்திருக்கும் அட்டவணை. அதில் திருவண்ணாமலைக்கும் ஒரு வரி உண்டு. மண்டலம் மூன்று. எண் 0.16. அதாவது, அரிதாக வரக்கூடிய கடுமையான ஆட்டத்தில் தரை பக்கவாட்டில் தள்ளப்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.16 பங்கு வரை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்று பொருள். மதுரைக்கும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அதே அட்டவணையில் மண்டலம் இரண்டுதான். அண்ணாமலையார் ஊர் அவற்றைவிட ஒரு படி எச்சரிக்கையான இடம் என்று அரசு விதியே 2002-இல் சொல்லிவிட்டது.

ஊரில் உயரமான கட்டடம் எது என்று யோசித்தால் கண் தானாகவே ராஜகோபுரத்துக்குப் போகும். 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தது. கீழே கருங்கல்; அதற்குமேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்; உள்ளே கூடு; வெளியே சுதை வேலை. கீழிருந்து மேலே போகப்போக ஒடுங்கும் வடிவமும் அகன்ற அடித்தளமும் அதற்குப் பெரிய பலம். 1822, 1859, 1867 மூன்றையும் பார்த்துவிட்டு நிற்கிறது. அதனால் இனி எதையும் தாங்கும் என்று சொல்லலாமா? அதே கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய காளத்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று விழுந்தது. நிலம் ஆடவில்லை, விரிசல் மட்டும் விட்டிருந்தது. பழைய கட்டடத்தின் வயதைப் பெருமையாகச் சொல்வதைவிட விரிசலை அளப்பது உத்தமம்.

அளக்கத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் அருண் மேனன், மெஹர் பிரசாத் உள்ளிட்ட பேராசிரியர்கள் இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தையும் கோயில் மண்டபங்களையும் எடுத்துக்கொண்டு, நிலம் ஆடினால் அவை எப்படி அசையும் என்று கணக்கிட்டார்கள். மண்டபத்தில் தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்தரம், அதன்மேல் பாவுகல் எல்லாம் தம் எடையாலும் உராய்வாலும்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆட்டம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இருக்கைகளை. தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் மாதிரிக் கட்டடத்தை மேசைமேல் வைத்தே குலுக்கிப் பார்க்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம்.

2004 டிசம்பர் 26 பாடத்தைத் தமிழ்நாடு மறக்காது. சுமத்ராவில் 9.1, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர். அன்று சுனாமி என்ற சொல்லையே பலர் முதன்முறையாகக் கேட்டார்கள். ஆனால் எழுத்தில் அது புதிதல்ல. 1881 டிசம்பர் 31-இல் நிக்கோபார் அருகே கடலடியில் பெரும் ஆட்டம் வந்து, அதன் அலை வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு அலையளவிகளில் பதிவானது. நாகப்பட்டினமும் அவற்றில் ஒன்று. உயரம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை ஆராய்ந்து 1884-இல் எழுதியவர் யார் தெரியுமா? மறுபடியும் அந்த மகன் ஓல்டாம். நாகையில் அலை வரக்கூடும் என்பதற்கான சான்று நூற்றிருபது ஆண்டுகளாக நூலக அலமாரியில் இருந்தது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அன்றே ஒரு சாட்சி கிடைத்தது. புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையத்தை நடத்திவந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மைக்கில் அறிவித்தார்கள். 3,600-க்கு மேற்பட்டவர்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி.

அதன்பின் பாடங்கள் வேகமெடுத்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. கான்பூர் ஐஐடி 2002-லேயே பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய சிறு சிறு நிலநடுக்கக் குறிப்புகளை மாதம் ஒன்றாக வெளியிடத் தொடங்கியிருந்தது. கட்டடம் ஏன் விழுகிறது என்பதைப் படம் போட்டுப் பாமரருக்கும் விளக்கிய குறிப்புகள் அவை. தமிழ்நாட்டு சமூக அறிவியல் புத்தகங்களில் ஆறாம் வகுப்பு முதலே பேரிடர் பாடம் வருகிறது. தீயணைப்புத் துறையினர் பள்ளிகளுக்கு வந்து ஒத்திகை நடத்துகிறார்கள். குனி, மேசைக்கடியில் போ, மேசைக் காலைப் பிடித்துக்கொள் என்று சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அடியில் போக மேசை எங்கே? ஜன்னலையும் பீரோவையும் விட்டு விலகி உட்சுவரோரம் குந்தி, பையால் தலையை மூடிக்கொள் என்று அந்த வகுப்பறைக்கு ஏற்றபடி சொல்லித் தருவதுதான் பாடம். பௌர்ணமி கிரிவலத்தில் பதினான்கு கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம் நிற்கும்போது நிலம் லேசாக ஆடினால், ஆட்டத்தைவிட ஓட்டம்தான் ஆபத்து. இந்த ஊருக்கென்று ஒத்திகை எழுதுகிறவர்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மலையே ஆபத்தாக முடியும் என்பதையும் ஊர் பார்த்துவிட்டது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். பிறகு ஐஐடி வல்லுநர்கள் வந்து சரிவை ஆராய்ந்தார்கள். மழையில் நனைந்து பிடி தளர்ந்த சரிவுக்கு ஒரு சின்ன ஆட்டமும் போதும் என்பதை இந்த ஊர்ப் பாடத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 நவம்பர், டிசம்பரில் வேலூர்ப் பக்கம் 3.5, 3.6 அளவில் சில அதிர்வுகள் வந்து போயின என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊர் நிகழ்வைப் பள்ளிப் பாடமாக்குவது எப்படி என்று ஜப்பான் செய்து காட்டியிருக்கிறது. 1854-இல் வாகயாமா பக்கம் ஹிரோ கிராமத்தில் நிலம் ஆடிச் சுனாமி வந்தபோது, இருட்டில் எங்கே ஓடுவது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு வழி தெரிய ஹமகுச்சி கோர்யோ என்பவர் நெற்போர்களுக்குத் தீ வைத்தார். தீயைப் பார்த்து மேட்டுக்கு ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் அதைக் குழந்தைகளுக்கான கதையாக எழுத, 1937 முதல் பத்தாண்டுகள் அது நாடு முழுவதும் பாடப்புத்தகத்தில் இருந்தது. அந்தத் தீ எரிந்த நாளை ஒட்டித்தான் ஐ.நா. சபை நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. மேட்டில் தீ ஏற்றினால் ஊரே பார்க்கும் என்பதைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போளூர் வரியைப் பாடத்தில் ஏற்ற ஓர் ஆசிரியர்தான் வேண்டும்.

ஆனால் பள்ளிக்கூடத்தைவிட அவசரமான வகுப்பறை வேறொன்று இருக்கிறது. கிரிவலப் பாதையிலும் பைபாஸ் ஓரத்திலும் மாடிமேல் மாடியாக விடுதிகள் எழும்புகின்றன. கீழே கடையோ கார் நிறுத்தமோ, மேலே அறைகள். அகமதாபாத்தில் விழுந்தவை இந்த ஜாதிதான். அவற்றைக் கட்டுகிற மேஸ்திரியும் கம்பி கட்டுகிறவரும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மண்டலம் மூன்றுக்குரிய தரவிதி தூண்கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனையை 135 டிகிரி வரை உள்ளே மடக்கச் சொல்கிறது. வேலை சுலபம் என்று 90 டிகிரியில் நிறுத்திவிடுவது நாம் எங்கும் பார்க்கிற வழக்கம். ஆட்டத்தில் கம்பியை மூடிய மேல் கான்கிரீட் உதிர்ந்தால் 90 டிகிரி முனை விரிந்துவிடும். 135 டிகிரி முனை கான்கிரீட்டுக்குள் பிடித்துக்கொண்டிருக்கும். தூணும் பீமும் சேருமிடத்தில் ரிங்குகளை நெருக்கமாகப் போட வேண்டும். செங்கல் வீடானால் லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை எல்லாச் சுவரிலும் இடைவெளியில்லாமல் ஓட வேண்டும். குவெட்டாவிலிருந்து பரவிய யோசனை இதுதான். சென்ட்ரிங் அடிக்கும் முன் இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

திருவண்ணாமலையில், போளூரில், வந்தவாசியில் இந்த ஆண்டு வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின மாலை ஒருமுறை மனையில் போய் நின்று, ரிங்கின் முனை உள்ளே மடங்கியிருக்கிறதா என்று மேஸ்திரியிடம் காட்டச் சொல்லுங்கள். மடக்கவில்லை என்றால் மடக்கியபின் கான்கிரீட் போடட்டும்.